பொறுப்பும் ஊதியமும்

மேலதிகாரி நீண்ட விடுப்பில் செல்கிறார். அவர் திரும்பும் வரை, அடுத்த நிலையில் உள்ளவர் அந்த நாற்காலியில் அமர்கிறார். கையொப்பம் இவருடையது, தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் இவரே. ஆனால், மாதக் கடைசியில் கைக்கு வருவதோ பழைய சம்பளம். இது முறையா? இக்கேள்வியின் வரலாற்றை இன்று நாம் காண்போம்.

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நமக்கு, பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடைப்பது குடும்பத்தின் விடிவு. ஆகவே, கிடைத்த வேலையைக் காப்பதிலேயே கருத்தாக இருந்தோம். கூடுதல் பொறுப்புக்குப் படி கேட்கத் தயங்கினோம்.

மலாக்கா 1826ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாயிற்று. 1867 வரை அதன் ஆட்சி இந்தியாவைச் சார்ந்திருந்தது. அதே இந்தியாவில், 1922இல் நடப்புக்கு வந்த அடிப்படை விதிகளுள் 49ஆம் விதி, ஒருவர் வேறு பதவியின் பொறுப்பையும் ஏற்கும்போது அவருக்குரிய ஊதியத்தைப் பற்றிப் பேசுகிறது.

விதி இருந்தும் வழக்கு எழுந்தது. அந்தமானில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர் செல்வராஜ். 1992 ஜனவரியில் அவரைச் சாரணர் பிரிவுச் செயலாளரின் பணிகளைக் கவனிக்கப் பணித்தார்கள். அவருடைய சம்பள விகிதம் 1200 - 2040 ரூபாய். செயலாளர் பதவிக்கு உரியதோ 1640 - 2900 ரூபாய். உயர்ந்த ஊதியம் மறுக்கப்பட்டது. தீர்ப்பாயமும் கைவிரித்தது. அவர் இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றார்.

1998இல் தீர்ப்பு வந்தது. அவர் பதவி உயர்வு பெற்றவர் அல்லர் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. எனினும், அவர் அந்த வேலையைச் செய்தது உண்மை. நியமன ஆணையிலேயே அவருடைய ஊதியம் செயலாளர் பதவியின் கணக்கில் பெறப்படும் என்று எழுதியிருந்தது. ஆகவே, 1995 செப்டம்பர் வரை அவர் பொறுப்பு வகித்த காலத்திற்குச் சம்பள வேறுபாட்டைக் கொடுக்க வேண்டும் என்றது. உழைப்புக்கு ஏற்ற கூலி என்பதே அதன் அடிப்படை.

நம் நாட்டு அரசாங்கச் சேவையில் 'மெமாங்கு', 'தங்கோங் கெர்ஜா' என இரு சொற்கள் உண்டு. முன்னது பதவி உயர்வை நோக்கி மேல் பதவியில் அமர்த்துவது. பின்னது காலியான பதவியின் வேலையைச் சிறிது காலம் சுமப்பது. பெயர் மாறினால் உரிமையும் மாறும். ஊழியர்களின் குரலாக 1957இல் கியூபெக்ஸ் தோன்றியது. சச்சரவுகளைத் தீர்க்க 1977இல் பொதுச் சேவை நடுவர் மன்றச் சட்டம் வந்தது.

செல்வராஜைக் காத்தது அவர் கையில் இருந்த ஓர் ஆணைத் தாள். 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று வாயால் சொன்ன சொல்லை வைத்துக் கணக்குப் போட முடியாது. பொறுப்பு எது, எந்த நாள் முதல், எந்தப் பெயரில் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவோம். அப்படிக் கேட்பது பணிவுக் குறைவு ஆகாது.