கண்ணாடி உடம்பும் கறுப்புச் சட்டையும்

கல்லூரி ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப் வழியாக நான் பார்த்த முதல் உயிர் டாஃப்னியா. தமிழில் நீர்த்தெள்ளு என்பார்கள். எள்ளளவு உடம்பு, அதுவும் கண்ணாடி மாதிரி. இதயம் படபடவென்று அடிப்பதும் குடலில் பச்சைப் பாசி நகர்வதும் வெளியிலிருந்தே தெரிந்தன. பக்கத்தில் நின்ற நண்பன் சொன்னான்: "பாவம்டா, இதால ஒரு ரகசியத்தக்கூட ஒளிச்சு வைக்க முடியாது."

பல வருடம் கழித்து வட கனடாவின் குட்டைகளில் வாழும் டாஃப்னியாவின் படத்தைப் பார்த்தேன். கரியைப் பூசிக்கொண்டது போலக் கறுத்த ஓடு. மலை ஏரிகளில் வாழும் கோப்பிபாடு என்ற அதன் தூரத்து உறவோ மிளகாய்ப்பழச் சிவப்பு. மீன் கண்ணில் பட்டால் கதை முடிந்தது என்றிருக்கும் உயிர் எதுக்கு இப்படிச் சாயம் பூசிக்கொண்டு திரிகிறது? இதற்கு விடை தேடிப் போனால் இருநூறு வருட வரலாறு விரிகிறது.

1801இல் ஜெர்மனியின் யேனா நகரில் யோஹான் ரிட்டர், வெயிலை நிறங்களாகப் பிரித்து சில்வர் குளோரைடு மேல் விழச் செய்தார். ஊதா நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இருட்டில்தான் அது மிக வேகமாகக் கறுத்தது. புற ஊதாக் கதிர் அப்படித்தான் பிடிபட்டது. 1877இல் டவுன்ஸ், பிளன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் வெயில் பாக்டீரியாவைக் கொல்லும் என்று காட்டினார்கள். வெயில் உயிர் கொடுக்கும், உயிரை எடுக்கவும் செய்யும். ஆனால் இந்தச் செய்தி ஏரிக்கு வந்து சேர இன்னும் நூறு வருடம் பிடித்தது.

1938இல் ஆஸ்திரியரான வின்சென்ட்ஸ் பிரேம், உயர்மலை ஏரி உயிர்களின் சிவப்பைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். குளிர்ந்த நீரில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத்தான் இந்த நிறம் என்று ஒரு கருத்து உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மில்லிமீட்டர் உடம்பு எவ்வளவு சூட்டை வாங்கினாலும் சுற்றியுள்ள தண்ணீர் அடுத்த நொடியே பிடுங்கிக்கொள்ளும். 1976இல் அமெரிக்கரான நெல்சன் ஹேர்ஸ்டன், சிவந்த கோப்பிபாடுகளையும் வெளிறியவற்றையும் ஒளியில் வைத்துப் பார்த்தார். வெளிறியவை சீக்கிரம் செத்தன. சிவப்பு அலங்காரம் அல்ல, குடை.

அந்தக் குடையை கோப்பிபாடு தானே செய்துகொள்வதில்லை. பாசியைத் தின்று, அதிலுள்ள கரோட்டினாய்டை அஸ்டாசாந்தினாக மாற்றிக்கொள்கிறது. டாஃப்னியா மெலனினைத் தானே தயாரிக்கிறது, ஆனால் ஓடு கழற்றும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் புதுச் சட்டை தைக்க வேண்டும்.

1985இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்துபோன செய்தி வந்தபின் இந்த ஆராய்ச்சி சூடுபிடித்தது. 1990இல் பால் ஹெபர்ட்டும் எமரியும் கறுத்த டாஃப்னியா புற ஊதாக் கதிரை நன்றாகத் தாங்குகிறது என்று காட்டினார்கள். 2000இல் ஸ்வீடனின் லார்ஸ்-ஆண்டர்ஸ் ஹான்சன், கோப்பிபாடு நிலைமைக்குத் தகுந்தபடி நிறத்தையே கூட்டிக் குறைக்கிறது என்று எழுதினார். கதிர் கூடினால் சிவக்கும், மீன் இருப்பது தெரிந்தால் வெளிறும். வெயிலுக்குப் பயந்தால் மீனிடம் மாட்டும், மீனுக்குப் பயந்தால் வெயிலில் வேகும். எனக்கு இந்த இடத்தில் கொஞ்ச நேரம் படிக்க ஓடவில்லை. எந்தப் பக்கம் போனாலும் விலை உண்டு என்று தெரிந்தே தினமும் கணக்குப் போட்டுப் பிழைப்பது மனிதர்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

நிறமே வேண்டாம் என்றால் ஒரு வழி, பகலில் ஆழத்துக்கு இறங்கிவிடுவது. டாஃப்னியா நேரம் பார்த்து மேலே வந்து போவதை 1817லேயே கியூவியே கவனித்து எழுதியிருக்கிறார். தேநீர் நிறத்து ஏரியில் கொஞ்சம் இறங்கினாலே போதும், புற ஊதாக் கதிர் தீர்ந்துவிடும். தெளிந்த மலை ஏரியில் அது பல மீட்டர் ஆழம்வரை துரத்தும். ஆழமில்லாத குட்டைக்காரன் எங்கே போவான்?

பட்ட காயத்துக்கும் மருந்து உண்டு. 1949இல் ஆல்பர்ட் கெல்னர், புற ஊதாக் கதிரில் அடிபட்ட பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரின் வித்துகள் தேறுவதை ஆராய்ந்தார். வெப்பநிலையை எவ்வளவு கவனமாக வைத்தாலும் கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால், தண்ணீர்த் தொட்டி ஜன்னலோரம் இருந்திருக்கிறது. சாதாரண வெளிச்சம் பட்டவை பிழைத்துக்கொண்டன. கதிர் குலைத்த டிஎன்ஏவை, பார்க்கும் வெளிச்சத்தின் துணையோடு ஒரு நொதி சரிசெய்கிறது. டாஃப்னியாவிடமும் அந்த நொதி இருக்கிறது. ஆனால் குளிரில் அது மந்தம். அதனால்தான் குளிர்ந்த ஏரிகளில் சட்டையின் தேவை கூடுகிறது.

கடைசியாக ஆஸ்திரியாவின் டைரோல் மலைகள். 2417 மீட்டர் உயரத்தில் கோசன்கோல்லேசே என்று ஒரு சின்ன ஏரி. ஐந்நூறு வருடம் முன்பு, பேரரசர் மாக்சிமிலியன் காலத்திலேயே அந்த மலை ஏரிகளில் ட்ரவுட் மீன் விட்டிருக்கிறார்கள். மேலே கடும் வெயில், உள்ளே மீன். அங்குள்ள கோப்பிபாடுகள் மைக்கோஸ்போரின் வகை அமினோ அமிலங்களை உடம்பில் சேர்த்து வைத்திருப்பதை இன்ஸ்ப்ரூக் ஆய்வாளர்கள் கண்டார்கள். இவையும் பாசி கொடுத்ததுதான். புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் நம் கண்ணுக்கு நிறமே கிடையாது.

நண்பனுக்கு இதை எழுதி அனுப்பினேன். "அப்ப ரகசியம் இருந்திருக்கு" என்று பதில் போட்டான்.