கீழ்த்திசையில் வேர்கொண்ட கிறிஸ்தவம்

கிறிஸ்தவம் என்றவுடன் ஐரோப்பாவை நினைப்பது நம் மேடைகளிலும் ஏடுகளிலும் வழக்கமாகிவிட்டது. காலனி ஆட்சி விட்டுச்சென்ற காயங்கள் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் வரலாறு இவ்வெண்ணத்திற்கு இடந்தரவில்லை.

ஈஸா நபி (அலை) அவர்கள் வாழ்ந்த சூழலில் மக்கள் பேசிய அரமாயிக், அரபியோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மொழி. அதன் கிளையான சுரியானி, இன்று துருக்கியில் உர்ஃபா என வழங்கும் எடெஸ்ஸாவில் வளர்ந்து, கீழைத் திருச்சபைகளின் வழிபாட்டு மொழியாயிற்று. 373இல் அந்நகரில் மறைந்த எஃப்ரேம், தம் இறையியலைப் பெரும்பாலும் சுரியானிக் கவிதைகளாகவே வடித்தார். ரோமப் பேரரசுக்கு அப்பால் பாரசீக ஆட்சியில் வாழ்ந்த கிறிஸ்தவர்கள், 410இல் அரபியர் மதாயின் என்றழைத்த தலைநகரில் கூடித் தம் திருச்சபையை ஒழுங்கமைத்தனர். உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத் காலமான 635இல் அத்திருச்சபையின் துறவியான அலோபென் சீனத் தலைநகர் சாங்கானை அடைந்தார். 781இல் நிறுவப்பட்ட கல்வெட்டு, சீனத்திலும் சுரியானியிலும் அதற்குச் சான்று பகர்கிறது.

அக்காலத்தில்தான் அத்திருச்சபையின் தலைவர் திமோத்தேயு, கலீஃபா மஹ்தீயின் அவையில் மார்க்க உரையாடல் நிகழ்த்தினார். கலீஃபாவின் விருப்பத்திற்கிணங்க, அரிஸ்டாட்டிலின் தர்க்க நூலொன்று சுரியானியிலிருந்து அரபிக்கு வரவும் துணைநின்றார். ஜாலீனூஸின் மருத்துவ நூல்களைச் சுரியானிக்கும் அரபிக்கும் பெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், ஹீராவைச் சேர்ந்த அரபுக் கிறிஸ்தவர். நம் நாகரிகத்தின் பொற்காலம் என்று நாம் போற்றும் காலத்தில் இவர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது.

இத்தொடர்பு நம் கடற்கரையையும் எட்டியது. 849இல் வேணாட்டு அரசர் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய உரிமைகளைக் கூறும் செப்பேட்டில், அரபு வணிகர்கள் கூஃபி எழுத்தில் சாட்சிக் கையொப்பம் இட்டுள்ளனர். ஒரு தேவாலயத்தின் உரிமைக்கு அன்று அரபு எழுத்து சாட்சி நின்றது.

2014இல் மோசூல் நகரை ஐ.எஸ். இயக்கம் கைப்பற்றியபோது, ‘நஸ்ரானி’ என்பதன் முதலெழுத்தான ‘நூன்’ கிறிஸ்தவர் வீடுகளின் சுவர்களில் தீட்டப்பட்டது. அவர்கள் நகரைவிட்டு விரட்டப்பட்டனர். இஸ்லாம் வருமுன்பே அம்மண்ணில் வேரூன்றிய சமூகம் அது. கிறிஸ்தவத்தை மேலைநாட்டுச் சரக்கு என்று கூறும் ஒவ்வொரு முறையும், அம்மக்களை அவர்களின் சொந்த மண்ணிலேயே அந்நியராக்கும் கூற்றுக்கு நாமும் வலுச்சேர்க்கிறோம். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணக் கற்ற சமூகத்திற்கு அது அழகன்று.