முழுப்பேரா, அரைப்பேரா?

பசறைப் பக்கத் தோட்டங்கள்ல "இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?" என்று கேட்பாங்க. செக்ரோலில் முழுப்பேர் விழுந்தால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான். ஒரு நாள் வேலை என்றால் என்ன, அதை முடிவு செய்வது யார் என்ற பழைய சண்டை இந்தச் சின்னக் கேள்விக்குள்ள இருக்கு.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அந்தக் காலத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் தோட்டத்தில் மட்டுமில்ல, அரசாங்கத்தின் ரோட்டு வேலையிலும் ரயில்பாதை வேலையிலும் இருந்தாங்க. குறைந்தபட்சச் சம்பளம் என்று எந்தச் சட்டமும் அப்போது இல்லை.

1922இல் இந்தியா குடியகல்வுச் சட்டம் கொண்டுவந்து, ஆட்களை அனுப்ப நிபந்தனை கேட்டது. அந்த நெருக்கடியில்தான் இலங்கையில் 1927இன் 27ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என்று நாட்சம்பளம் நிர்ணயமானது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து 9 மணித்தியாலம் ஒரு வேலைநாள். நாளுக்கு ஒரு எல்லை இருந்தால்தானே அதுக்கு மேல செய்வதை மேலதிக வேலை என்று கேட்க முடியும்?

ஆனா இந்தச் சட்டம் தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு மட்டும்தான். தோட்ட எல்லையைத் தாண்டி ரோட்டில் கல் உடைத்தவருக்கு அதில் இடமில்லை. உள்ளே இருந்தவருக்கும் நிம்மதி நீடிக்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை விழுந்ததும் அந்தச் சதங்களையே குறைத்தாங்க.

1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. எந்த இனத்தவர் என்று பார்க்காமல், என்ன தொழில் என்று பார்த்துச் சம்பளம் நிர்ணயிக்கும் முறை அது. அப்படியும் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொழுந்தில் பெரும்பகுதியைக் கிள்ளியது பெண்கள்தான் என்பதை நினைச்சுப் பாருங்க!

2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. சம்பளம் கூடியது நல்ல விஷயம்தான். ஆனா அந்த முழுத்தொகை கைக்கு வர எத்தனை கிலோ கிள்ளணும், மாசத்தில் எத்தனை நாள் வேலை கொடுப்பாங்க என்பது தலைப்பில் வராது. 1929இல் நாளை அளந்தது மணித்தியாலம். இன்று மலையில் அதை அளப்பது தராசு. அடுத்த முறை சம்பளப் பேச்சுவார்த்தைச் செய்தி வரும்போது, ரூபாயோடு சேர்த்து கிலோவையும் நாட்களையும் கேளுங்க.