முகினாவுக்குக் கிடைக்காத ஓய்வு

1978ஆம் ஆண்டு பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் நடைபெற்ற உலக ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளில் ஒட்டுமொத்தச் சம்பியனானவர், பதினெட்டு வயதேயான சோவியத் வீராங்கனை எலேனா முகினா. மறு ஆண்டே அவரது கால் முறிந்தது. மொஸ்கோ ஒலிம்பிக்கோ நெருங்கிக்கொண்டிருந்தது. முறிவு முற்றாக ஆறுவதற்கு முன்னரே அவர் பயிற்சிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

அவர் பழகிக்கொண்டிருந்தது 'தோமஸ் சால்டோ' என்ற கரணம். அமெரிக்க வீரர் கேர்ட் தோமஸின் பெயரால் வழங்குவது, ஆண்கள் செய்துவந்தது. பின்புறமாக ஒன்றரைக் கரணம் அடிக்கும்போதே உடலை ஒன்றரைச் சுற்றுத் திருக வேண்டும். தரைக்கு வருவது கால்களில் அல்ல. கைகளை ஊன்றி முன்னோக்கி உருள வேண்டும். எம்பும் விசை சற்றுக் குறைந்தாலும் தலை தரையில் மோதும். அந்த விசையைத் தரவேண்டிய காலோ இன்னும் தேறவில்லை.

இத்தனைக்கும், இடைவெளியும் கற்றலின் ஒரு பகுதி என்பது அன்று புதிய செய்தியன்று. ஜேர்மனிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே அதனை எழுதிவிட்டார். பொருளற்ற அசைகளை மனனம் செய்து தன்னையே சோதித்த அவர், ஒரே நாளில் 68 தடவை படித்துப் பெற்ற பயனை, மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 தடவை படித்தே பெற்றார். உடல்திறன்களுக்கும் இது பெரிதும் பொருந்துவதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின. ஆனால் ஓயாத பயிற்சி பயிற்றுநரை எளிதில் ஏமாற்றிவிடும். அன்று மாலையே முன்னேற்றம் தெரியும். மறுநாள் எஞ்சியது எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. இரவு ஒரு மணிக்குத் தப்பவிட்ட பிழை காலையில் முதற்பார்வையிலேயே கண்ணில் படுவதைப் பத்திரிகைக்காரர் நாம் அறிவோம். எங்களுக்கு மறுநாள் ஒரு திருத்தத்தோடு போய்விடும்.

ஒலிம்பிக் ஆரம்பமாக 16 நாட்களே இருந்தபோது, 1980 ஜூலை 3ஆம் திகதி, மின்ஸ்க் நகரில் முகினா அந்தக் கரணத்தை அடித்தார். எம்பியது போதவில்லை. நாடி தரையில் மோதிக் கழுத்தெலும்பு முறிந்தது. இருபது வயதில் முடங்கிய உடலோடு மேலும் 26 ஆண்டுகள் வாழ்ந்து, 2006 டிசம்பரில் காலமானார். விழுந்த கணத்தில் தனக்கு முதலில் தோன்றியது, இனி ஒலிம்பிக்குக்குப் போகவேண்டியதில்லை என்ற நிம்மதியே என்று அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். அவ்வளவு களைத்திருந்தார்.

பெண்களுக்கான போட்டி விதிகளிலிருந்து அந்தக் கரணம் பிறகு நீக்கப்பட்டது. ஆண்கள் அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் அதனைச் செய்துகொண்டிருந்தார்கள்.