தட்டைத் திருப்பிப் பாருங்கள்

பரணை ஒழிக்கும்போது பழைய பீங்கான் தட்டு கிடைத்தால், பழைய சாமான் கடைக்குப் போடுமுன் ஒரு நிமிடம் பொறுங்கள்.

நம் பக்கத்துக்கும் சீனப் பீங்கானுக்கும் நெடுநாள் உறவு. ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள பெரியபட்டினம், பாண்டியர் காலத் துறைமுகம். 1987இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழ்ந்தபோது, 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பாதிக்கு மேல் 'செலடான்' எனப்படும் பச்சை மெருகுப் பீங்கான். ஓட்டில் ஆண்டு எழுதியிருக்காது. மண்ணையும் மெருகையும் சீனச் சூளைகளின் பொருட்களோடு ஒப்பிட்டுத்தான் காலத்தைக் கணிக்கிறார்கள். மதுரையைப் பாண்டியர் ஆண்ட நாளில் சீனச் சரக்கு இங்கே இறங்கியதற்கு அந்த ஓடுகளே சாட்சி.

வீட்டுத் தட்டு என்றால் முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'சைனா' என்று இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்ட காலம் அது. சீன எழுத்தில் பேரரசர் முத்திரை இருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். பழைய பேரரசர்களின் முத்திரையைப் பிற்காலத்தவரும் இட்டிருக்கிறார்கள்.

ஊர்ப்பக்கம் நிலத்தில் ஓடு கிடைத்தால், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். இடம் தெரியாத ஓடு பாதி ஊமை.