ஆர்க்காட்டு ரூபாயும் பழங்காசின் மதிப்பும்

காசுக்கு இரண்டு வாழ்வு உண்டு. கடைத்தெருவில் கைமாறித் திரிவது முதல் வாழ்வு. அரசு மாறி, புழக்கம் ஓய்ந்து, பெட்டியின் அடியில் நெடுங்காலம் கிடந்து, பின்னர் ஒருநாள் அறிந்தவர் கையில் சேர்வது இரண்டாம் வாழ்வு. முதல் வாழ்வில் ஒரு ரூபாய்க்கு மற்றொரு ரூபாய் நிகர். இரண்டாம் வாழ்விலோ ஒன்று வெள்ளியின் விலைக்கே நின்றுவிடும். உடன்பிறந்தது போல் தோன்றும் மற்றொன்று அதனைப் போல் பன்மடங்கு பெறும். இந்த வேற்றுமை எதனால் விளைகிறது? நம் குடும்பங்கள் பலவற்றில் பாட்டனார் காலத்துக் காசுகள் இன்னும் இருப்பதால், இக்கேள்வி வெறும் பொழுதுபோக்கு அன்று.

திருக்கழுக்குன்றத்திலிருந்து கிழக்கே சென்றால் கடற்கரையில் சதுரங்கப்பட்டினம் வரும். டச்சுக்காரர் கோட்டை கட்டித் துணி வாணிகம் செய்த ஊர் அது. அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே சென்றால் கடப்பாக்கத்தை அடுத்து ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளைக் காணலாம். ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் அங்கே ஓர் அக்கசாலை இயங்கியது. 1750இல் முஸஃபர் ஜங் அக்கோட்டையைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு அளித்தார். 1760இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். ஆகவே இக்கடற்கரையில் பலருடைய காசுகளும் கலந்து புழங்கியதில் வியப்பில்லை.

பழமையே விலையைத் தரும் என்பது பலருடைய எண்ணம். அது சரியன்று. டச்சுக் கும்பினி தன் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னி, ஆண்டும் பொறித்து, 1726 முதல் ஆசிய நாடுகளுக்கென அடித்தனுப்பிய செப்புக் காசுகளைப் பாருங்கள். அவை இரண்டு நூற்றாண்டைக் கடந்தவை. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. இலங்கையிலும் ஜாவாவிலும் குவியல் குவியலாகப் புழங்கி, குவியல் குவியலாகவே எஞ்சியும் நிற்பதே காரணம். எவ்வளவு பழையது என்பதைவிட எத்தனை எஞ்சியுள்ளன, அவற்றை எத்தனை பேர் நாடுகின்றனர் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது.

இனி ஆர்க்காட்டு ரூபாயைக் கையில் எடுப்போம். ஏறத்தாழ 11½ கிராம் எடையுள்ள வெள்ளிக்காசு. அதன்மீது பாரசீக எழுத்தில் முகலாயப் பேரரசரின் பெயரும், ‘ளர்ப் ஆர்க்காட்’, அதாவது ஆர்க்காட்டில் அடிக்கப்பட்டது என்ற சொற்களும் உள்ளன. ஆனால் இச்சொற்களை அப்படியே நம்பிவிடலாகாது. 1736இல் நவாப் தோஸ்த் அலீ கானின் இசைவு பெற்றுப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் இவ்வகை ரூபாயை அடித்தனர். 1742இல் ஆங்கிலேயரும் அவ்வுரிமையைப் பெற்றுச் சென்னையில் அடித்தனர். ஊர்கள் வேறு, காசிலுள்ள ஊர்ப்பெயர் ஒன்றே. மக்கள் ஆர்க்காட்டு ரூபாயையே நம்பினர்; ஆதலால் எல்லோரும் அப்பெயரையே பொறித்தனர்.

ஆண்டின் கதை இன்னும் விந்தையானது. ஆங்கிலேயரின் ரூபாயில் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், ஹிஜ்ரி 1172 என்பதும், ஆட்சியாண்டு 6 என்பதும் காணப்படும். அப்பேரரசர் 1759இல் கொலையுண்டார். ஆயினும் சென்னை அக்கசாலை, 1807க்குப் பின் இயந்திரங்கொண்டு அடித்த ரூபாய்களிலும் அதே பெயரையும் அதே ஆண்டையும் பொறித்து வந்தது. 1835இல் நாடு முழுமைக்கும் ஒரே கும்பினி ரூபாய் வந்த பின்னரே இவ்வழக்கம் ஒழிந்தது. எனவே எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. ஓரத்திலுள்ள சிறு குறியையும் காணவேண்டும். பிறை இருந்தால் புதுச்சேரி. தாமரை இருந்தால் சென்னை. சேகரிப்போர் உருப்பெருக்கி கொண்டு தேடுவது இக்குறியைத்தான். பெருவாரியாகக் கிடைக்கும் குறிக்கும் ஆண்டுக்கும் விலை குறைவு. அரிய குறிக்கும் ஆண்டுக்கும் விலை மிகுதி.

உலோகத்துக்கு இவ்விலையில் எவ்வளவு சிறிய பங்கு என்பதை அமெரிக்காவின் உதாரணம் ஒன்று நன்கு விளக்கும். அங்கே 1909 முதல் 1911 வரை சிகரெட்டுப் பெட்டிகளுக்குள் பேஸ்பால் ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளை வைத்து விற்றனர். ஹோனஸ் வாக்னர் என்பாரின் அட்டை மட்டும் விரைவில் நிறுத்தப்பட்டது. சில பத்து அட்டைகளே எஞ்சின. அவற்றுள் ஒன்று 2022இல் 72½ இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அட்டையோ காகிதம், உருக்கினால் ஒரு குன்றிமணி வெள்ளியும் தேறாது. அருமையும், அந்த ஆட்டக்காரரின் புகழும், நிறுத்தப்பட்ட கதையும் சேர்ந்தே அந்த விலை.

காசுக்கோ கதையினும் மேலான ஒன்று உண்டு, அது சான்று. உமையாக்களின் ஹிஜ்ரி 105ஆம் ஆண்டுப் பொன் தீனார் ஒன்று 2011இல் இலண்டனில் 37 இலட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போயிற்று. அதிலுள்ள பொன் அரைப் பவுனளவுக்குச் சிறிது மிகுதி, அவ்வளவே. ஹிஜாஸிலுள்ள அமீருல் முஃமினீனின் சுரங்கம் என்று பொறித்த சொற்களே அதனை உயர்த்தின. நம் நாட்டில் மதுரை சுல்தான்களின் காசுகளைக் காண்போம். கியாதுத்தீன் காலத்து நிகழ்ச்சிகளை இப்னு பதூதா எழுதிவைத்தார். அவர் சென்ற பின் ஆண்டவர்களின் வரிசையை அறியப் பெருந்துணை புரிவன ஹிஜ்ரி 779 வரை கிடைக்கும் சிறு காசுகளே. இவ்வாறே 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் ஒரு செப்புக் காசில் ‘பெருவழுதி’ என்ற பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் கண்டு வெளியிட்டார். சங்கப் பாடல்களில் கேட்ட பாண்டியர் பெயர் செம்பின்மீது நின்று சாட்சி கூறிற்று.

இத்தகைய சாட்சிகளை நாமே அழித்துவிடுகிறோம் என்பதுதான் வருத்தத்திற்குரியது. காசு கறுத்திருந்தால் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குகிறோம். எழுத்தின் கூர்மையும் காலம் தந்த நிறமும் போய்விடுகின்றன, அவற்றோடு விலையும் போகிறது. கொக்கி பற்றவைத்துப் பிள்ளையின் கழுத்தில் அணிவிக்கிறோம். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் எடைக்குப் போட்டு உருக்கக் கொடுக்கிறோம். தேய்வின்றி, துளையின்றி, துலக்கப்படாமல் இருப்பதே பழங்காசின் சிறப்பு என்பதை நம் வீட்டுப் பெண்மக்களும் பிள்ளைகளும் அறிந்திருத்தல் வேண்டும். போலிகளும் உண்டு. வார்ப்பில் செய்த போலியின் விளிம்பில் பொருத்துக்கோடு தெரிவதுண்டு. எடையும் பெரும்பாலும் ஒவ்வாது. ஆகவே வாங்குவோர் தராசை மறத்தலாகாது.

வீட்டில் பழங்காசு உள்ளவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, யாரிடமிருந்து வந்தது, எவ்வூரில் கிடைத்தது என்று எழுதிவைத்தல் நலம். ஊர் தெரிந்த காசு வரலாற்றுக்குச் சான்றாகும். ஊர் தெரியாத காசு வணிகச் சரக்கு மட்டுமே. மண்ணைத் தோண்டும்போது கிடைத்த புதையலாயின் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்பைக் கடந்தாலே மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும். நூறாண்டு கடந்த காசுகளை அரசின் இசைவின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சென்றுவரும் நம்மவர் இதனை நினைவிற்கொள்ளல் நன்று.

ஆலம்பரைக் கோட்டையின் பெரும்பகுதியைக் கடலும் காலமும் கொண்டுபோயின. அங்கே உழைத்த கம்மியரின் கைத்திறனில் இன்று எஞ்சியிருப்பது அவர்கள் அடித்த வெள்ளி ஒன்றே. அதனை எடைக்கு விற்பவர் வெள்ளியின் விலையைப் பெறுவார். எழுத்தைப் படித்துக் காப்பவரோ தம் பேரர்களுக்கு ஒரு வரலாற்றையே விட்டுச்செல்வார்.