லாரி மறைவில் ஒரு அடுப்பு

எங்க ஊர் அய்யலூர். திருச்சி ரோட்டில் வண்டி கருப்பணசாமி கோயிலைத் தாண்டும் லாரிக்காரர்கள் பலர் இறங்கி, சூடம் கொளுத்திட்டுத்தான் நகர்வார்கள். சின்ன வயசில் கெடா வெட்டுக்குப் போனால், காத்துக்கு மறைவாக லாரியை ஒட்டி அடுப்புக் கூட்டுவோம். காத்து அடிக்காது, ஆனால் புகை சுழன்று மூஞ்சிக்கே வரும். "லாரி மறைவுல உக்காந்தா கண்ணு போயிரும்டா" என்பார் சித்தப்பா. பல வருஷம் கழித்து, புகை ஓட்டத்தைக் கணிக்கும் மென்பொருளில் வேலை பார்த்தபோதுதான் அந்தச் சுழல் எனக்குப் புரிந்தது.

1999 மார்ச் 24. பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் 11.6 கிலோமீட்டர் மோன் பிளான் சுரங்கத்துக்குள், மார்கரினும் மாவும் ஏற்றிய ஒரு லாரி பிரெஞ்சுப் பக்கமிருந்து நுழைந்தது. பாதி வழியைத் தாண்டி, புகைந்து நின்று, பற்றியது. 53 மணி நேரம் எரிந்தது. 39 பேர் இறந்தார்கள். பெட்ரோல் டேங்கர் என்றால் பயந்திருப்பார்கள். ரொட்டியில் தடவுவதை யார் சந்தேகிப்பார்கள்?

அன்று காத்து இத்தாலியிலிருந்து பிரான்சை நோக்கி. எரியும் லாரிக்குப் பின்னால் வந்து மாட்டிய வண்டிகளும் அந்தப் பக்கம்தான். இத்தாலியப் பக்கமோ, புகையை உறிஞ்சப் பயன்படுத்தியிருக்கக்கூடிய குழாயிலும் சுத்தக்காற்றையே உள்ளே தள்ளியது. பழியை ஒரு ஆப்பரேட்டர் தலையில் கட்டுவது சுலபம். ஒரே குகைக்கு இரண்டு நாடு, இரண்டு கம்பெனி, இரண்டு கட்டுப்பாட்டறை என்பதுதான் எனக்குப் பெரிய கோளாறாகப் படுகிறது.

சூடான புகை கூரையை ஒட்டி, எதிர்க்காற்றிலும் பின்னோக்கி ஊரும். அதை நிறுத்தத் தேவையான காற்று வேகம் பெருந்தீக்கு விநாடிக்கு சுமார் 3 மீட்டர். வழியில் வண்டி நின்றால்? 1995இல் பிரிட்டனில் ஓக்காவும் அட்கின்சனும் சின்ன மாதிரிச் சுரங்கத்தில் பார்த்தார்கள். குறுக்குவெட்டில் 12 சதவீதத்தை அடைத்தால், தேவைப்படும் வேகம் சுமார் 15 சதவீதம் குறைந்தது. இடுக்கில் காத்து வேகமெடுப்பதால் அது கணக்குக்கு நல்ல செய்தி. ஆனால் நிற்கிற வண்டிகள் மொத்தக் காற்றையும் தடுக்கும். மின்விசிறி அதே காற்றைத் தள்ளச் சிரமப்படும். அதைவிட மோசம், தீக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் ஒரு சுழல். கூரையில் போய்க்கொண்டிருந்த புகையை அது மனுஷன் மூக்கு மட்டத்துக்கு இழுத்து இறக்கிவிடும். காலி சுரங்கத்தில் போட்ட கணக்கை, வரிசையாக லாரி நிற்கும் சுரங்கத்துக்கு நம்ப முடியாது.

2017இல் திறந்த ஜம்முவின் செனானி - நஷ்ரி சுரங்கத்தில், நீளவாக்கில் ஊதித் தள்ளாமல், வழி நெடுகக் காற்றைக் கொடுத்து, வழி நெடுகவே புகையை உறிஞ்சும் ஏற்பாடு. 9 கிலோமீட்டருக்கு மேல் நீளம். செலவு அதிகம்தான்.

போன ஆடியில் மறுபடி கோயிலுக்குப் போனோம். இப்போது கேஸ் அடுப்பு. ஆனாலும் சித்தப்பா லாரியை விட்டுத் தள்ளித்தான் வைக்கச் சொன்னார். காத்துல அணையுதுன்னு சொன்னோம், கேக்கல.